மாலை ஏறாத படம்

போன வாரம் என் கைப்பேசித் திரையில் ஒரு முடி ஒட்டியிருந்தது. நீளமான வெள்ளை முடி. கட்டைவிரலால் துடைத்தேன், போகவில்லை. சட்டை நுனியால் துடைத்தேன், அப்போதும் போகவில்லை. நாற்பதைத் தாண்டியவனுக்கு வெள்ளை முடி உதிர்வது ஒன்றும் அதிசயமில்லை என்பதால் தலையைக்கூட ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். பிறகு படத்தைப் பெரிதாக்கினேன். முடியும் சேர்ந்து பெரிதானது. அது திரையில் இல்லை, வந்திருந்த படத்துக்குள் இருந்தது.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பழைய போட்டோ ஒன்றை யாரோ கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். மடியில் முயலை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அந்த முடி சிக்கியிருந்தது. அந்தக் கண்ணாடியைப் போட்டவன் நான்தான். போடும்போது கவனிக்கவில்லை. இத்தனை வருடமாக அந்த வீட்டுச் சுவரில் அது அப்படியே இருந்திருக்கிறது.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: “அண்ணா நான் விக்கி, கருணாபுரம் செல்வி பையன். அம்மா தவறிட்டாங்க. காரியத்துக்கு படம் பண்ணணும். அம்மாவயும் அக்காவயும் சேத்து ஒரே படமா வேணும். முயல எடுத்துடலாம் இல்லண்ணா?”

எனக்கு இப்போது சின்னசேலத்தில் ஃபிளெக்ஸ் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மெஷினில்தான் வருகின்றன. சாவுச் செய்தி வராத நாள் கடைக்குக் கிடையாது. ஆனால் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முயலை எடுத்துவிடலாமா என்ற இதே கேள்வியை இதே படத்துக்கு ஏற்கெனவே ஒருமுறை கேட்டாகிவிட்டது. அப்போது நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அப்போது எனக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. வேலை என்றால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பரு எடுப்பது. மாப்பிள்ளைகளின் பரு, பரீட்சை எழுதப்போகிறவர்களின் பரு, வேட்பாளர்களின் பரு. அந்த வட்டாரமே என் கைபட்டுத்தான் அழகாகிறது என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. என் மூஞ்சியில் இருந்த பருவை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

ஸ்டுடியோ சேகர் அண்ணனுடையது. தொந்தியும் சிரிப்புமாக இருப்பார். கொடைக்கானலுக்கு ஒரு கல்யாண ஆர்டருக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு கூண்டோடு வந்து இறங்கினார். உள்ளே அங்கோரா முயல். உடம்பு முழுக்க விரல் நீளத்துக்கு வெள்ளை முடி. அசையாமல் இருந்தால் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாது. லைட்டைக் கண்டாலே குழந்தைகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்த காலம். இந்த முயலைத் தூக்கி மடியில் வைத்தால் அழுகை அப்படியே நின்றுவிடும். இரண்டு கையும் அந்த முடிக்குள் அமிழும், வாய் லேசாகத் திறக்கும், அந்த நொடியில் சேகர் அண்ணன் எடுத்துவிடுவார். அந்த ஊரில் அந்தச் சில வருடங்களில் பிறந்த எத்தனையோ பேரின் ஆல்பத்தில் இந்த முயல் இருக்கிறது.

ஏசி இருந்த ஒரே மூலையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், வருகிறவர் போகிறவரைச் சிவந்த கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தோம். மேனேஜருக்குத் தலை சீவுவது என் பொறுப்பு. ஒருநாள் விட்டாலும் முடி சிக்குவிழுந்து தோலோடு இறுகிவிடும். பருவும் சிக்கும் எடுத்தே என் இளமை கழிந்தது. முகப்பவுடரும் கொத்தமல்லித் தழையும் கலந்த வாசனை இன்று எங்கே வந்தாலும், என் விரல்கள் தன்னால் ஒரு சீப்பைத் தேடுகின்றன.

முடி எங்கும் இருந்தது. திரைச்சீலையில், ஸ்கேனர் கண்ணாடியில், என் டீயில். ஒரு படத்தை ஸ்கேன் செய்தால் அதிலும் கோடாக விழும். அதையும் நான்தான் துடைக்க வேண்டும்.

செல்வி அக்கா அந்த ஸ்டுடியோவுக்கு வந்தது மகளின் பிறந்தநாளுக்கு. அவர் நெல் அரவை மில்லில் கூலிவேலை பார்த்தார். புருஷன் கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார். மகள் நிவேதாவுக்கு நாலு வயது முடிந்திருந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ரோஸ் கவுன், அளவு பெரிது, முதுகில் ஊக்கு குத்திச் சுருக்கியிருந்தார். அந்தப் பெண் அழவே இல்லை. முயலைக் கண்டதும் தானே போய் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து மடியைக் காட்டியது. கையை முடிக்குள் விட்டுக்கொண்டு அம்மாவிடம் சொன்னது, “மா, உள்ள சுடுதும்மா.”

படம் எடுத்து முடித்தும் கையை வெளியே எடுக்க மறுத்தது. சேகர் அண்ணன் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

பிரிண்ட் போட்டு உறையில் வைத்திருந்தோம். வாங்க யாரும் வரவில்லை. மாதங்கள் கழித்து செல்வி அக்கா தனியாக வந்தார். பாதி உடம்பாக இருந்தார். படம் எடுத்த அதே வாரம் காய்ச்சல் வந்து, தலைக்கேறி, குழந்தை போய்விட்டது. வீட்டில் வேறு படமே இல்லை. “பெரிசு பண்ணிக் குடுங்கண்ணா. சாமி கும்பிடணும்னு மாமியாரு சொல்லிக்கினு கீறாங்க” என்றார்.

சேகர் அண்ணன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், “முயல எடுத்துட்றா. உயிரோட கீறத கூட வச்சி மாலை போடக் கூடாது.”

இது உங்களுக்கும் தெரிந்ததுதான். கல்யாணப் போட்டோவில் ஒருவர் இறந்துவிட்டால், அவரை மட்டும் தனியே வெட்டித்தான் படம் போடுவோம். பக்கத்தில் இருப்பவர் தோள் கொஞ்சம் தெரிந்தாலும் அதையும் அழித்துவிடுவோம். அப்படி எத்தனையோ தோள்களை நான் அழித்திருக்கிறேன். ஆனால் மனிதருக்கு உள்ள வழக்கம் முயலுக்கும் உண்டா என்று நான் யோசித்ததில்லை. சேகர் அண்ணன் யோசித்திருந்தார். ஏனென்றால் மேனேஜர் அவருக்குப் பிள்ளை மாதிரி.

முயலை எடுத்தேன். கையில்லாத குழந்தை மிஞ்சியது. மணிக்கட்டு வரை முடிக்குள் இருந்ததால், படத்தில் அந்தக் கைகள் இல்லவே இல்லை. பழைய கோப்புகளில் தேடினேன். திருநாவலூரிலிருந்து காதுகுத்துக்கு வந்த ஒரு பெண்குழந்தை, அதே வயது, அதே நிறம், மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. அந்தக் கைகளை எடுத்துப் பொருத்தினேன். நிழல் போட்டேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியாத அளவுக்குச் சுத்தமாக வந்துவிட்டது. சேகர் அண்ணன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

செல்வி அக்கா திரையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்ததை விடக் கையைத்தான் அதிகநேரம் பார்த்தார்.

“இது அவ கை இல்ல” என்றார்.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

“யாரு கை தம்பி இது?”

“வேற ஒரு பாப்பாவோடதுக்கா. தெரியாதுக்கா, யாருக்கும் தெரியாது.”

“அந்தப் பாப்பா நல்லா கீதா?”

நல்லா இருக்கு என்றேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அப்ப இதுக்கு எப்டி தம்பி மாலை போடறது? அந்தப் புள்ளக்கி ஒண்ணு ஆனா?”

முயலுக்குச் சாஸ்திரம் பார்த்த நாங்கள் இரண்டு பேரும் ஒரு குழந்தையின் கைக்குப் பார்க்கவில்லை. சேகர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கோப்பை அப்போதே அழித்தேன்.

“மொசலே இருக்கட்டும்” என்றார் செல்வி அக்கா.

உள்ளேயிருந்து சேகர் அண்ணன் குரல் வந்தது. “மொசலு உயிரோட கீதும்மா. மாலை போட முடியாது.”

“போட வேணாண்ணா. அது கீற வரிக்கும் போட வேணாம்.”

சொல்லிவிட்டு அவர் மூச்சு விட்டதை நான் கேட்டேன். மாலை போடும் படம் கேட்டு வந்தவர், போட முடியாத படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்தப் படத்துக்குத்தான் நான் கண்ணாடி போட்டேன்.

அதன்பிறகு கூலி கொடுக்கும் சனிக்கிழமை எல்லாம் வந்துவிடுவார். கையில் அறுகம்புல்லோ முள்ளங்கித் தழையோ இருக்கும். கூண்டின் முன் உட்கார்ந்து மேனேஜர் மெல்லுவதைப் பார்ப்பார். தொட மாட்டார். அதன் வயிறு ஏறி இறங்குவதைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு “நல்லா கீது” என்று தனக்கே சொல்லிக்கொண்டு எழுந்து போவார்.

சேகர் அண்ணன் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார். குழந்தைக்கு மாலை போட முடியவில்லையே என்று அந்தம்மா தவிக்கிறாள், நம்ம முயல் எப்போது போகும் என்று பார்க்க வருகிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை ஆறுதலாகச் சொன்னார், “கவலப்படாதம்மா. மொசலுக்கு ஆயுசு கம்மிதான். இன்னும் ரெண்டு மூணு வருசம், அவ்ளோதான். அப்பறம் போட்டுக்கலாம்.” செல்வி அக்கா கொண்டுவந்த தழையைக் கூண்டில் வைக்காமலேயே போய்விட்டார். பிறகு பல வாரம் வரவில்லை. வந்தபோது கையில் புதுச் சணல் சாக்கு, கூண்டில் விரிக்க. அன்றைக்குத்தான் சேகர் அண்ணனுக்கும் விளங்கியது. அவர் அதற்குப் பிறகு மேனேஜரின் தண்ணீர்க் கிண்ணத்தைத் தானே கழுவ ஆரம்பித்தார்.

கைப்பேசியில் கேமரா வந்தது. எங்கள் ஸ்டுடியோ இருந்த கட்டடத்தை இடித்துத் துணிக்கடை கட்டப்போவதாகவும் சொன்னார்கள். சேகர் அண்ணன் புதுச்சேரியில் மகள் வீட்டோடு போய்விட முடிவெடுத்தார். அங்கே மருமகனுக்கு முடி ஆகாது, மூச்சு இழுக்கும். லைட்டுகள் போயின, அவற்றுக்கு மாட்டும் வெள்ளைக் குடைகள் போயின, அருவியும் அன்னமும் வரைந்த திரைச்சீலையை யாரோ சாவடிக்கு எடுத்துப் போனார்கள். மேனேஜர் மட்டும் மிஞ்சியது.

வீடு தேடி அலைந்தோம். முதலில் ஒரு அரிசி வியாபாரி வீடு. ஏசி இருந்தது, பெண் குழந்தைக்கு ஆசையும் இருந்தது. வாசலில் இருந்த அல்சேஷன் நாய் கூண்டைப் பார்த்த பார்வையில் நாங்கள் படியேறாமலேயே திரும்பினோம். அடுத்து சின்னசேலத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர். அன்பாகத்தான் தூக்கினார். தூக்கிப் பார்த்து, “முடிய எடுத்துட்டா எவ்ளோ தேறும்?” என்று கேட்டார். சேகர் அண்ணன் முயலைப் பிடுங்கிக்கொண்டு வந்த வேகத்தில் செருப்பை அங்கேயே விட்டுவிட்டார்.

“எங்க வூட்லயே இருக்கட்டுமே” என்றார் செல்வி அக்கா. எங்களுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அந்த மகளின் படம் இருக்கும் வீடு, அதைவிடப் பொருத்தமான வீடு எது? பங்குனி மாதம். கருணாபுரத்தில் அவர் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஏசியிலேயே வளர்ந்த முயல், இரண்டாம் நாளே வாயைத் திறந்து இளைக்க ஆரம்பித்தது. காது நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது செல்வி அக்கா ஈரத்துணியை அதன் காதில் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். சுவரில் படம். கீழே அந்த முயல். வயிற்றில் அப்போது விக்கி ஏழு மாதம்.

“காச்ச அடிச்சப்ப அவளுக்கும் இப்டித்தான் துணி போட்டேன் தம்பி” என்றார். “இங்க வச்சா செத்துடும். என் கண்ணு முன்னால செத்துடும். எடுத்துக்கினு போயிடுங்க.”

அப்போதுதான் அலமேலுவின் ஞாபகம் வந்தது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளி விடுதியில் சமையல் செய்துகொண்டிருந்த மலைக்காரப் பெண். ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்க வந்தவர், கொண்டைக்குள்ளிருந்து மரச்சீப்பை உருவி, மேனேஜரின் முடியில் நான் அரைமணி நேரம் போராடிய சிக்கைப் பேச்சோடு பேச்சாக எடுத்துவிட்டார். மேலே குளிர். விடுதியில் தினமும் முட்டைகோஸ் இலை மிஞ்சும். சொல்லியனுப்பினோம், கொண்டுவாங்க என்று பதில் வந்தது.

தக்காளிக் கூடையில் சணல் சாக்கை விரித்து மூன்று பேரும் பஸ் ஏறினோம். ஏழு மாத வயிற்றோடு மலைப்பாதையில் வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், செல்வி அக்கா கேட்கவில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் ஜன்னலில் காற்று மாறியது. வழியெல்லாம் இளைத்துக்கொண்டே வந்த மேனேஜர் வாயை மூடியது. மூக்கு மட்டும் ஆடியது. செல்வி அக்கா அதைக் கவனித்துவிட்டு, முதல் தடவையாக அந்த முடிக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரைக்கும். வெள்ளிமலை வரும்வரை எடுக்கவில்லை. நானும் சேகர் அண்ணனும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அலமேலு கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, “மூஞ்சி எங்கடியம்மா வச்சிருக்கற?” என்று முயலிடம் கேட்டார். விடுதிச் சமையலறைக்குப் பின்னால் கல் சுவர் வைத்த பழைய கோழிக்கூடு ஒன்றை மெழுகிக் கதவு போட்டு வைத்திருந்தார். நாய் நுழைய வழியில்லை. பள்ளிப் பெண்கள் ஆளுக்கொரு இலையோடு நின்றார்கள். எல்லாரும் பாவாடை சட்டை, எண்ணெய் வைத்த இரட்டைப் பின்னல். செல்வி அக்கா அவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். பிறகு அலமேலுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா ஆனாலும் எங்களுக்குச் சொல்லி அனுப்பாதீங்கக்கா.”

அலமேலுவுக்குப் புரியவில்லை. “நல்லா இருக்குதுன்னு கூடவா சொல்லக் கூடாது?”

“அதயும் சொல்லாதீங்க. அத சொன்னா ஒருநாளு இல்லன்னும் சொல்லணும்.”

திரும்பும் பஸ் கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது. செல்வி அக்காவின் புடவை முழுக்க வெள்ளை முடி. அவர் ஒன்றைக்கூடத் தட்டிவிடவில்லை.

அந்தப் பேச்சை மலையில் காப்பாற்றினார்கள். ஒரு சேதியும் வரவில்லை. நாங்களும் காப்பாற்றினோம். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் கடுக்காய் மூட்டையோடு மலைக்காரர்கள் இறங்குவதைப் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். யாராவது தெரிந்தவர், கேட்காமலேயே சொல்லிவிட்டால்? ஒருமுறை திருவிழா பேனர் கட்ட வெள்ளிமலைக்கே போக வேண்டி வந்தது. விடுதி இருந்த வளைவில் வண்டி திரும்பியபோது நான் எதிர்ப்புறப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். டிரைவர் “வாந்தி வருதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

செல்வி அக்காவை வழியில் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவோம். அவர் ஒருநாளும் முயல் என்ற சொல்லை எடுக்கவில்லை. மார்கழியில் பார்த்தால் மட்டும், “இப்ப மேல நல்ல குளிரா இருக்கும் இல்ல தம்பி” என்பார். நல்ல குளிராக இருக்கும் அக்கா என்பேன். கள்ளச்சாராயத்தால் கருணாபுரத்துத் தெருக்களில் ஒரே வாரத்தில் எத்தனை படங்களுக்கு மாலை ஏறியது என்பது நாடறிந்த கதை, அதை நான் சொல்ல வேண்டியதில்லை. துக்கம் கேட்க நானும் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது திறந்திருந்த கதவு வழியே செல்வி அக்கா வீட்டுச் சுவர் தெரிந்தது. அந்தத் தெருவிலேயே மாலை ஏறாமல் இருந்த படம் அது ஒன்றுதான்.

அந்தச் செய்தியைப் படித்த பிறகு விக்கியைக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி என்றான், தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான். நான் சொல்வதற்கு முன்பே அவனே ஏதோ ஒரு ஆப்பில் முயலை எடுத்துப் பார்த்திருந்தான். அனுப்பினான். எனக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்த வேலையை அது ஒரு நொடியில் முடித்திருந்தது. முயல் இல்லை. முடிகூட இல்லை. மடியில் இரண்டு கைகள், கொழுகொழுவென்று, யாருடையவோ.

“இது அவ கை இல்ல” என்றேன். கடையில் வேறு யாரும் இல்லை. என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

“எனக்கும் அப்டித்தான் பட்டுச்சிண்ணா” என்றான். பிறகு சொன்னான், “சின்ன வயசுல நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமாண்ணா? மாலை இல்லாததால அக்கா உயிரோட கீதுன்னு நெனச்சேன். அம்மா குளுருல எல்லாம் மலயப் பாத்துக்கினு நிக்கும். அக்கா மேல ஆஸ்டல்ல படிக்குதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சிருந்தேன்.”

நான் முயல் இருக்கும் படத்தை மறுபடி திறந்தேன்.

“அப்பறம்தான் அம்மா எல்லாம் சொல்லிச்சி. அண்ணா, இத்தினி வருசம் ஆச்சி. அந்த மொசலு இப்ப இருக்காது தான? அப்ப மொசலோடயே மாலை போட்டுடலாம் இல்ல?”

கணக்கு எனக்கும் தெரியும். விக்கிக்கு மீசை வந்துவிட்டது. எந்த முயலும் அவ்வளவு நாள் இருக்காது. சேகர் அண்ணன் படத்துக்கே மாலை ஏறி வருடங்கள் ஆகின்றன. ஸ்டுடியோ இருந்த இடத்தில் புடவைப் பொம்மைகள் நிற்கின்றன. அலமேலு எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ஒரு போன் போட்டால் மலையில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். ஆனால் வாய் வரவில்லை.

“இருக்கா இல்லயான்னு நான் இன்னும் கேக்கலடா விக்கி” என்றேன். “உங்கம்மாவும் கேக்கல.”

“சரிண்ணா. அம்மா படத்த மட்டும் தனியா பண்ணிக் குடுங்க” என்றான்.

காரியம் முடிந்த மறுநாள் ஒரு படம் அனுப்பினான். செல்வி அக்கா சந்தன மாலையோடு இருந்தார். பக்கத்தில், மடியில் முயலோடு, முடி சிக்கிய கண்ணாடிக்குள் அவர் மகள். மாலையின் ஓரம் காற்றில் ஆடினாலும் அந்தச் சட்டத்தில் பட்டுவிடாதபடி ஆணியைத் தள்ளி அடித்திருந்தான்.